ஒன்றரைக் கணு ஐஸ்

எங்கள் ஆட்கள் என்னை ‘ஐஸ் வாத்தி’ என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். இத்தாலியில், பலேர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தெருவுக்குள் நான் திரும்பினால், மரக்கறிக் கடை வாசலில் நிற்கிற அண்ணைமாரில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: “வாத்தி, இந்த றோட்டிலை நடக்கலாமோ? உடையாதோ?” ஓகஸ்ட் மாதத்திலும் கேட்பார். தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிற வெயிலில்தான் அந்தப் பகிடி நன்றாக எடுபடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

பட்டம் வந்த கதை சின்னது. ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் ஆட்கள் பஸ் பிடித்து, பலேர்மோவிலிருந்து மதோனியே மலைக்குப் பனி பார்க்கப் போவார்கள். புட்டும் கோழிக்கறியும் கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று சுவெற்றர் போட்டுவிட்டு, ஒரு நாள் பயணம். அதற்கு முதல் நாள் எங்கள் வட்ஸ்அப் குழுவில் நான் எழுதிப் போடுவேன். மேலே உறைந்துபோன குளம், குட்டை, தொட்டி எதைக் கண்டாலும் அதில் கால் வைக்க வேண்டாம். படம் எடுக்கிறதற்கும் வேண்டாம். பிள்ளைகளின் கையை விட வேண்டாம். பந்து போனால் போகட்டும். நாய் போனாலும் பின்னால் போகாதீர்கள். யாராவது உள்ளே விழுந்தால் அவரிடம் ஓடாமல் 112க்கு அடியுங்கள். கரையில் படுத்துக்கொண்டு தடியையோ கயிற்றையோ நீட்டுங்கள்.

பதிலுக்குச் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வரும். “தம்பி, நாங்கள் கடலையே கடந்து வந்தனாங்கள்” என்று ஒருவர். “வாத்தி வந்திட்டார், எல்லாரும் கொப்பியை எடுங்கோ” என்று இன்னொருவர். “படிச்ச பெடியனுக்குப் பயம் கூட” என்று எழுதியது என் சொந்த மாமா.

ஓம், பயம் கூடத்தான். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பயத்தோடு நான் போன ஒரு ஜனவரி நாளில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வாசித்த பிறகும் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அடுத்த வருடமும் எழுதிப் போடுவேன்.

*

அப்பா பலேர்மோவில் ஒரு சிஞ்ஞோரா வீட்டில் வேலை செய்கிறார். சிஞ்ஞோரா என்றால் வீட்டுக்கார அம்மா; எழுபது வயது தாண்டிய பணக்கார விதவை. சமையல், துடைப்பு, துணி மினுக்கல், கடை கண்ணி எல்லாம் அப்பாதான். எங்கள் பெயர் நீளம் என்று முதல் நாளே ஒரு இத்தாலியப் பெயரை எடுத்து அப்பாவுக்கு வைத்துவிட்டார் சிஞ்ஞோரா. அதற்கும் அப்பா “ஸி, சிஞ்ஞோரா” என்றார். ‘ஸி’ என்றால் ஓம்.

அந்த ‘ஸி’தான் அப்பாவின் தொழில்முறை. அப்பாவுக்கு மட்டுமல்ல, வீட்டு வேலைக்குப் போகிற எங்கள் ஆட்கள் அரைவாசிப் பேருக்கும் அதுதான் முறை. வந்த புதிதில் பாஷை தெரியாது. சிஞ்ஞோரா வாயைத் திறந்தால் முதலில் ‘ஸி’ சொல்ல வேண்டும். பிறகு அவர் கண் எங்கே போகிறது என்று பார்த்து, சொன்னது ஜன்னலா, வாளியா, இஸ்திரிப் பெட்டியா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஓம் முதலில், விளக்கம் பிறகு. ஒருநாள் சிஞ்ஞோரா “சாப்பிட்டாயா?” என்று கேட்டாராம். அப்பா “ஸி” என்று சொல்லிவிட்டுப் பின்னேரம் வரை பட்டினி கிடந்தார். இன்னொரு நாள் உடைந்த பூச்சாடியைக் காட்டி “நீயா உடைத்தாய்?” என்று கேட்டபோதும் “ஸி”. உடைத்தது பூனை. இந்த இரண்டு கதையையும் அப்பாவே வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பாஷை வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. போகாததற்குக் காரணமும் இருக்கிறது. இந்த நாட்டில் இருப்பதற்கு அப்பா வைத்திருக்கும் பெர்மெஸ்ஸோ என்ற அனுமதிச் சீட்டு, சிஞ்ஞோரா கையெழுத்து வைக்கிற வேலைப் பத்திரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அப்பாவில் அம்மாவும் நானும் தொங்குகிறோம். அப்படியிருக்க ‘நோ’ என்ற சொல் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி வெளியே போனதே இல்லை.

அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா அதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். யூனிவேர்சிற்றிக்குள் கால் வைத்த முதல் ஆளும் நான்தான். ஒன்பது வயதில் இங்கே வந்தபோது எனக்குத் தெரிந்த எழுத்து தமிழ் எழுத்து மட்டும். மூன்று வருடத்தில் வீட்டுக்கு வருகிற கடிதமெல்லாம் என் கைக்கு வந்துவிட்டது. தண்ணீர்க் கட்டணம், ஆஸ்பத்திரித் துண்டு, குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலிருந்து வருகிற அழைப்பு, எல்லாவற்றையும் கீழே இருக்கும் பொடி எழுத்து வரை நான் வாசித்துச் சொல்ல வேண்டும். அப்படியே வளர்ந்த பிள்ளைக்கு எதையும் பாதியில் விட வராது.

ஆகவே சிஞ்ஞோராவின் மலை வீட்டை நத்தார் விடுமுறைக்குப் பிறகு துப்புரவாக்கிப் பூட்டிவிட்டு வர, “உன் மகனையும் கூட்டிக்கொண்டு வா, தூக்கிப் பறிக்க ஆள் வேண்டும்” என்று அவர் அப்பாவிடம் சொன்னபோது, நான் முதலில் செய்தது வாசித்ததுதான். அந்த மலையில் இரவில் சுழியத்துக்குக் கீழே போகிறது என்று கைபேசி சொன்னது. பனிப் பாதையில் எப்படி நடப்பது என்று தேடினேன். அதிலிருந்து உறைந்த தண்ணீருக்குப் போனேன். இரண்டு பின்னேரம் அதிலேயே போனது.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். “என்னடா, பரீட்சையோ?” என்றார்.

“ஐஸைப் பற்றி, அப்பா.”

“ஐஸிலை படிக்க என்னடா கிடக்கு. பலரோவிலை மீன்கடைக்காரன் அள்ளிக் கொட்டுறான். அவனிட்டைக் கேள்.”

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தார். எங்களுக்கு ஐஸ் என்றால் அதுதான். பலரோச் சந்தையில் வாள்மீனுக்குக் கீழே கிடப்பது, கோடையில் கிரனீத்தா என்கிற குளிர்ந்த பழச்சாற்றுக் கோப்பைக்குள் கிடப்பது. அதன் மேலே ஆள் நடக்கும் என்பதும், நடக்கிற ஆளை அது விழுங்கும் என்பதும் எங்கள் கணக்கிலேயே இல்லாத விஷயம்.

*

சிஞ்ஞோராவின் மகன்தான் காரை ஓட்டினார். எஞ்சினியர். ஐம்பது வயது இருக்கும். நல்ல பருத்த ஆள். பக்கத்தில் சிஞ்ஞோரா, மடியில் அவருடைய நாய். சின்ன நாய், வெள்ளை, கிழடு. அதற்குக் காது பாதிதான் கேட்கும். பின்னால் அப்பாவும் நானும், எங்களுக்கு நடுவில் துடைப்பக் கட்டைகளும் வாளிகளும். கடலோரமாக ஓடிய கார் பிறகு மலைக்குத் திரும்பி வளைந்து வளைந்து ஏறியது. ஒலிவ் மரங்களின் தலையில் பனி தெரியத் தொடங்கியதும் அப்பா கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, “சீனி கொட்டின மாதிரிக் கிடக்கு” என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

வீட்டுக்குப் பின்னால், சரிவில், கல்லால் கட்டிய பெரிய தொட்டி ஒன்று இருந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச மழைத் தண்ணீரையும் ஊற்றுத் தண்ணீரையும் பிடித்து வைப்பது. பார்த்த உடனே அப்பா அதைக் கேணி என்றார். எனக்கும் அந்தச் சொல்தான் நின்றது. பன்னிரண்டு மீற்றர் நீளம், ஏழெட்டு மீற்றர் அகலம். ஆழம் அப்பாவின் தலைக்கு மேலே ஒரு முழம் என்று எஞ்சினியர் சொன்னார். கீழ்ப்பக்கமும் பக்கவாட்டுகளும் முழங்கால் உயரச் சுவர். மேல்பக்கச் சுவர் மட்டும் சரிவோடு சமமாக இருந்தது. அந்தப் பக்கத்தில் பனி மூடியதும் எது முற்றம், எது கேணி என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கீழ்ப்பக்க மூலையில் ஒரு குழாய். ஊற்றுத் தண்ணீர் அதிலிருந்து சிறு சத்தத்துடன் விழுந்துகொண்டே இருந்தது.

முதல் நாள் காலையில் விறகு எடுக்கப் போனபோது அப்பா குனிந்து ஒரு கல்லை எடுத்துக் கேணிக்குள் எறிந்தார். கல் துள்ளி, ஐஸின் மேல் சறுக்கி ஓடியது. கம்பியைச் சுண்டிவிட்ட மாதிரி ஒரு விநோதமான சத்தம் கேணி முழுக்க ஓடி அடங்கியது.

“பாத்தியே,” என்றார் அப்பா. “கல்லே தாங்குது.”

“கல் அரைக் கிலோ, அப்பா. நீங்கள் ஐம்பத்தைஞ்சு.”

“உன்ரை ரெலிபோன் என்ன சொல்லுது?”

கேட்டார், நானும் சொன்னேன். ஒரு ஆள் நடக்க வேண்டுமென்றால் பெருவிரலோடு சேர்த்து உள்ளங்கை அகலத் தடிப்பிலாவது, கண்ணாடி மாதிரித் தெளிந்த, திடமான ஐஸ் இருக்க வேண்டும். வெள்ளை ஐஸுக்கு அதில் பாதிப் பலம்தான். மேலே பனி கிடந்தால் அது போர்வை மாதிரி. கீழே ஐஸ் தடிக்க விடாது, ஓட்டையையும் காட்டாது. தண்ணீர் விழுகிற, ஓடுகிற இடத்தில் எப்போதும் மெல்லிசு. வெயில் பட்ட கல்லுக்குப் பக்கத்திலும் மெல்லிசு. ஒரு இடத்தில் தாங்கினால் அடுத்த அடியில் தாங்கும் என்று இல்லை. எங்கள் மலை மாதிரி இரவில் உறைந்து பகலில் இளகுகிற இடத்தில் அளந்து பார்க்கிறதே வீண். கால் வைக்காமல் விடுவதுதான் ஒரே அளவு.

“நான் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடலிலை அந்தக் கல்லுத் தீவு வரைக்கும் நீந்திப் போட்டு வாறனான்,” என்றார் அப்பா. “விழுந்தால் நீந்துவன்.”

“இந்தத் தண்ணியிலை விழுந்தால் முதல்லை மூச்சு உங்கடை சொல்லுக் கேக்காது. இழுத்து இழுத்து எடுக்கும். அந்த நேரம் தலை தண்ணிக்குள்ளை நிண்டால் அவ்வளவுதான். அதைத் தாண்டினாலும் கொஞ்ச நேரத்திலை கை விறைச்சுப் போகும். நீந்தத் தெரிஞ்சவன், தெரியாதவன் எல்லாம் ஒண்டுதான்.”

“பின்னை என்ன செய்யிறது?”

“மூச்சு அடங்கும் மட்டும் மிதக்கோணும். பிறகு வந்த பக்கத்துக்கே திரும்பிக் கையை ஐஸுக்கு மேலை போட்டுக் காலை அடிச்சு, மீன் மாதிரி வழுக்கி ஏறோணும். ஏறினாப் பிறகு எழும்பி நிக்கக் கூடாது. உருண்டு வரோணும்.”

அப்பா என்னைப் பார்த்தார். “விறகைத் தூக்கு, வாத்தி,” என்றார். அந்தச் சொல்லை முதலில் சொன்னது அப்பாதான்.

*

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் சிஞ்ஞோராவின் குரல் கேட்டது. நான் கொட்டிலில் நின்றேன். அப்பா விறகுக் கூடையோடு முற்றத்தில் வந்துகொண்டிருந்தார். சிஞ்ஞோரா வீட்டின் பின்வாசலில் கம்பளிச் சால்வையோடு நின்று, நாயின் பெயரையும் அப்பாவின் இத்தாலியப் பெயரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்.

நாய் கேணிக்குள் நின்றது. மேல்பக்கத்தில் சுவர் தெரியாததால் அது முற்றம் என்று நினைத்து நடந்திருக்கிறது. ஒரு குருவியைத் துரத்திக்கொண்டு போனதாகச் சிஞ்ஞோரா பிறகு சொன்னார். குருவி பறந்துவிட்டது. நாய் முக்கால்வாசித் தூரம் போய், குழாய் விழுகிற மூலைக்குக் கிட்ட நின்று, ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நடுங்கியது. கீழே ஐஸ் முனகுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

“போய்த் தூக்கிக்கொண்டு வா,” என்றார் சிஞ்ஞோரா அப்பாவிடம்.

“ஸி, சிஞ்ஞோரா.”

கூடை கீழே போனது. அப்பா குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். பிறகு காலுறையையும். நனைந்தால் காயாது என்பது ஒரு காரணம்; வெறுங்கால் என்றால் வழுக்காது என்பது இன்னொரு காரணம். ஊரில் வள்ளத்தில் நின்று பழகிய காலின் நம்பிக்கை அது. சப்பாத்து இரண்டையும் கோயில் வாசலில் வைக்கிற மாதிரிச் சோடியாக ஒதுக்கி வைத்தார். அந்தச் சோடியைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனுசன் போகத்தான் போகிறார்.

நான் ஓடி வந்து ஜக்கெற்றின் முதுகைப் பிடித்தேன்.

“போகாதேங்கோ.”

“விடடா. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

“நீங்கள் சொன்னால் என்ன. நான் இல்லை எண்டு சொல்லுறன்.”

“சிஞ்ஞோரா பாக்கிறா. கையை எடு.”

எடுக்கவில்லை. சிஞ்ஞோராவைப் பார்த்து, என் பள்ளிக்கூட இத்தாலியனில், மரியாதைச் சொற்களை ஒன்றும் விடாமல் சொன்னேன்: “இல்லை, சிஞ்ஞோரா. அப்பா போகமாட்டார். ஐஸ் உடையும். நீங்கள் அது வந்த பக்கமாகப் போய் நின்று கூப்பிட்டு இறைச்சித் துண்டைக் காட்டுங்கள். பாரமில்லாத நாய், வந்த வழியே திரும்பி வரும். பின்னால் ஆள் போனால் இரண்டும் விழும்.”

“அதற்குக் காது கேட்காது என்று உனக்குத் தெரியாதா?” என்றார் சிஞ்ஞோரா. பிறகு அப்பாவைப் பார்த்து, “என்ன நிற்கிறாய்?” என்றார்.

சத்தம் கேட்டு எஞ்சினியர் வெளியே வந்தார். கேணியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், அப்பாவின் வெறுங்காலைப் பார்த்தார். எஞ்சினியர் அல்லவா, அவர் ஐஸைப் பற்றி ஏதாவது சொல்லித் தடுப்பார் என்று நினைத்தேன்.

“தாங்கும், தாங்கும்,” என்றார். “சின்ன வயதில் நாங்கள் இதன் மேல்தான் விளையாடுவோம். அந்தக் காலத்தில் மேசையே போடலாம். உன் அப்பா மெலிந்த ஆள்தானே. நான் போனால்தான் பிரச்சினை, நூறு கிலோ.”

“தாங்கும் என்றால் நீங்கள் போங்கள், எஞ்சினியர்.”

இதை நான் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன். எஞ்சினியர் என்னைப் பார்த்துவிட்டுத் தன் காலைக் குனிந்து பார்த்தார். நல்ல மலைச் சப்பாத்து, புதிது. அவர் ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. நூறு கிலோவுக்கு உடையும் என்றால் ஐம்பத்தைந்துக்கு உடையாது என்று யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்கு முதல் அப்பா என் கன்னத்துக்குக் கிட்டக் கையை ஓங்கினார். அடிக்கவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது.

“வாயை மூடு,” என்றார். “ஆரோடை கதைக்கிறாய் எண்டு தெரியுமோ?”

“தெரியும்.”

“இந்த வருசம் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கிடக்கு. அதுவும் தெரியுமோ?”

“அந்தக் கடிதத்தை வாசிச்சதே நான்தான், அப்பா.”

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. நாய் நின்ற இடத்தில் வெள்ளைப் பனி சாம்பல் நிறமானது, பிறகு கறுத்தது, நாய் இல்லை. ஒரு மூச்சு கழித்துத் தலை மட்டும் மேலே வந்தது. சிஞ்ஞோரா சால்வையை வாயில் வைத்துக்கொண்டு முனகினார்.

அப்பா முன்னால் பாய்ந்தார். நான் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். இரண்டு பேரும் பனிக்குள் விழுந்தோம். கேணியின் விளிம்பு எங்களுக்கு ஒரு கை தூரத்தில்தான் இருந்திருக்க வேண்டும். அது பனிக்குள் எங்கே என்று அப்போதும் தெரியவில்லை. அப்பா என்னை உதைத்தார். நான் விடவில்லை. என் வாழ்க்கையில் அப்பாவை நான் அப்படிப் பிடித்தது அன்றைக்கு மட்டும்தான்.

“சுத்திப் போவம்,” என்று அவருடைய காதுக்குள் சொன்னேன். “கீழ்ப்பக்கச் சுவர் நாய்க்குக் கிட்ட. மூண்டு மீற்றர் வராது. கொட்டிலுக்குள்ளை ஒலிவ் தட்டுற தடி கிடக்கு. சுவரிலை இருந்துகொண்டு ஐஸை உடைச்சு வழி விடுவம். நாய் நீந்தி வரும். நீங்கள்தானே நீந்துறதைப் பற்றிச் சொன்னனீங்கள்.”

அப்பா உதைப்பதை நிறுத்தினார். பிறகு எழுந்து, கொட்டிலை நோக்கி வெறுங்காலோடு ஓடினார்.

தடிகள் நாலு மீற்றர் நீளம். சுவரோரமாகச் சுற்றி வந்து, நான் ஒன்றால் அடித்தேன், அப்பா ஒன்றால் அடித்தார். ஒலிவ் காய் உதிர்க்கிற அதே வீச்சுத்தான். கிளைக்குப் பதில் ஐஸ். குழாய்ப் பக்கத்தில் ஓரடியிலேயே உடைந்தது. நாய்க்குக் கிட்டப் போகப் போக இரண்டு அடி, மூன்று அடி வேண்டியிருந்தது. உடைந்த துண்டுகளைத் தடியால் ஒதுக்கி ஒரு வாய்க்கால் திறந்தோம். “வா, வா, இஞ்சாலை வா” என்று அப்பா தமிழில் கூப்பிட்டார். காது கேளாத நாய்க்குத் தமிழ் என்ன, இத்தாலியன் என்ன. தடி நுனி அசைவதைப் பார்த்து அது வந்தது. பாதி வழியில் தலை இரண்டு முறை அமிழ்ந்தது. அப்பா சுவரில் குப்புறப் படுத்தார். நான் அவருடைய கால்கள் இரண்டின் மேலும் ஏறி உட்கார்ந்தேன். அவர் கையைத் தோள் வரை தண்ணீருக்குள் விட்டு, நாயைப் பிடரியில் பிடித்துத் தூக்கினார்.

எஞ்சினியர் தன் விலை கூடிய கோட்டைக் கழற்றி விரித்துக்கொண்டு நின்றார். அதையும் சொல்ல வேண்டும். நாயை அதில் வாங்கிச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். சிஞ்ஞோரா பின்னால் ஓடினார்.

*

அப்பாவும் நானும் சுவரில் மிஞ்சினோம். அப்பாவின் கால்கள் சிவந்து போயிருந்தன. வலது கை விறைத்திருந்தது. ஒரு கணம்தான் அந்தத் தண்ணீருக்குள் விட்ட கை. அவர் விரல்களை மடக்கப் பார்த்தார், மடங்கவில்லை.

“உள்ளை வாங்கோ, அப்பா. நனைஞ்ச சேட்டை மாத்தோணும்.”

“பொறு.”

நாயோடு சேர்ந்து ஒரு ஐஸ் துண்டும் சுவர் மேல் வந்து கிடந்தது. நாய் நின்ற இடத்துத் துண்டு அல்ல. அது இன்னும் மெல்லிசாக இருந்திருக்கும். இது வழியில் மூன்று அடி தாங்கிய துண்டு. அப்பா இடது கையால் அதை நிமிர்த்தினார். பிறகு ஆள்காட்டி விரலை அதன் ஓரத்தில் வைத்தார்.

அந்தச் சைகையை நான் என் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். சோறு வைக்கிறபோது அரிசியின் மேலே விரல் நுனியை வைத்து, தண்ணீர் விரலின் எந்தக் கணு வரை நிற்கிறது என்று பார்ப்பார். சிஞ்ஞோரா வீட்டில் அளவுக் கோப்பையும் தராசும் உண்டு. ரிசொட்டோ என்கிற இத்தாலியச் சோற்றுக்கும் அப்பாவுக்கு விரல்தான். அவர் அளவு பிழைத்ததை நான் கண்டதில்லை.

பெருவிரல் நகத்தால் கணுவில் அடையாளம் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்தும் பார்த்தார்.

“ஒண்டரைக் கணு,” என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன்.

“மேலை அரைவாசி பனிதான். அமத்தினால் உதிருது.” விரலால் அமுக்கினார், உதிர்ந்தது. மிச்சத்தைச் சுவர் விளிம்பில் வைத்து இடது கையால் அழுத்தினார். பப்படம் முறிகிற மாதிரி முறிந்தது. “சோத்துக்கே ரெண்டு கணு வைக்கிறனான்,” என்றார்.

பிறகு கேணியின் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அங்கே பனியில் அவருடைய சப்பாத்து சோடியாக இருந்தது. அதிலிருந்து விளிம்பு வரை அவருடைய வெறுங்கால் தடம் இரண்டோ மூன்றோ, அதற்குமேல் நாங்கள் விழுந்து புரண்ட குழப்பம்.

நான் போய்ச் சப்பாத்தை எடுத்துக்கொண்டு வந்து அவருடைய காலில் போட்டுவிட்டேன். மறுக்காமல் காலை நீட்டினார்.

வீட்டுக்குள் நாய் உயிரோடு இருந்தது. துவாயில் சுற்றிச் சிஞ்ஞோராவின் மடியில் கிடந்து நடுங்கியது. எஞ்சினியர் அப்பாவைப் பார்த்ததும் ஒரு சின்னக் கிளாசில் கிரப்பா ஊற்றி நீட்டினார், சூடேறுமாம். அப்பா “ஸி, கிராட்சியே” என்று நன்றி சொல்லி வாங்கினார். நான் அதை அவருடைய கையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன்; குளிரில் விறைத்த உடம்புக்குச் சாராயம் சூடு தராது, உள்ளே இருக்கிற சூட்டையும் வெளியே விடும் என்று சொன்னேன். ஈரச் சேட்டை மாற்றிக் கம்பளத்தால் போர்த்தி, சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தேன்.

சிஞ்ஞோரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “இவ்வளவு படித்தும் உன் மகனுக்கு வளர்ப்புப் போதாது. நாய் அங்கே மூழ்குகிறது, இவன் எனக்குப் பாடம் நடத்துகிறான்.”

வளர்ப்பு என்ற சொல் அப்பாவுக்கு எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் தலையைக் குனிந்து தேத்தண்ணீரைக் குடித்தார். அன்றைக்கு முழுக்க என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அறைகளைத் துடைத்தோம், கட்டில்களுக்குத் துணி போர்த்தினோம், யன்னல்களைப் பூட்டினோம். எனக்கும் கோபம் இருந்தது. மன்னிப்புக் கேள் என்று அப்பா ஒருவேளை சொன்னால் என்ன சொல்வது என்று வேலை செய்துகொண்டே யோசித்து வைத்தேன். கேட்பதில்லை என்பதுதான் பதில். இன்றைக்கும் அதுதான்.

அடுத்த நாள் காலை சாமான்களைக் காரில் ஏற்றினோம். எஞ்சினியர் கதவுகளைப் பூட்டிக்கொண்டிருந்தார். சிஞ்ஞோரா நாயோடு முன் இருக்கையில் ஏறி இருந்து, யன்னல் கண்ணாடியை இறக்கி, அப்பாவைக் கூப்பிட்டார். நான் பின்னால் வாளிகளை அடுக்கிக்கொண்டு நின்றேன், எல்லாம் கேட்டது.

“அடுத்த வருடம் இவனைக் கூட்டிக்கொண்டு வராதே. நீ மட்டும் வா.”

“ஸி, சிஞ்ஞோரா,” என்றார் அப்பா.

எனக்குக் கை நின்றுவிட்டது. இத்தனைக்கும் பிறகு அந்த ‘ஸி’ தானா என்று இருந்தது. சிஞ்ஞோரா கண்ணாடியை ஏற்றப் போனார். அப்பா கண்ணாடியின் விளிம்பில் கையை வைத்தார். வலது கை, நேற்று மடங்காத கை.

“மகன் வராட்டி, நானும் வரேல்லை,” என்றார்.

இதை அப்பா தன் உடைந்த இத்தாலியனில்தான் சொன்னார். வினைச்சொல் இரண்டும் பிழை. ஆனால் சொன்னது விளங்காமல் போக வழியில்லை. சிஞ்ஞோராவுக்கு முகம் சிவந்தது. அப்பா கையை எடுக்காமல், அவருடைய கண் எங்கே போகிறது என்று தேடாமல், நேரே பார்த்துக்கொண்டு நின்றார். சிஞ்ஞோராதான் பார்வையைத் திருப்பி நாயைத் தடவினார்.

கார் இறங்கும்போது அப்பா பழையபடி கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு இருந்தார். பனி முடிந்து கடல் தெரிந்தபோது, முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: “பெர்மெஸ்ஸோக் கடிதத்தை இண்டைக்கு இன்னொருக்கா வாசி. வேறை சிஞ்ஞோராவின்ரை கையெழுத்தும் செல்லுமோ எண்டு பார்.”

“செல்லும், அப்பா. கீழை பொடி எழுத்திலை போட்டிருக்கு.”

“அப்ப சரி,” என்றார்.